டிரெஸ்ஸரின் ஈரல்

1962

ஜூன் 4, திங்கள்

ஒன்பது வருடமாகக் கைவிட்டிருந்த நாட்குறிப்பை இன்று மறுபடி எடுத்திருக்கிறேன். எழுத்தாசை எதுவும் இல்லை, உடம்பு படுத்துகிறது. வைத்தியம் செய்கிறவன் தன் நோயைத் தானே குறித்துவைப்பது நல்ல பழக்கம் என்று பயிற்சிக் காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்.

நோயாளியின் பெயர்: இன்னாசிமுத்து. வயது 48. தொழில்: பேராக்கில் புக்கிட் செனாங் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். டாக்டர் மாதம் ஒருமுறை டவுனிலிருந்து வருவார், தேநீர் குடிப்பார், கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். மற்ற நாளெல்லாம் நானூறு பேருக்கு டாக்டரும் கம்பவுண்டரும் நான்தான்.

நோய்: வலது விலாவுக்குக் கீழே அடைத்துக்கொண்டிருக்கிறது. வாயில் கசப்பு. படுத்தால் தூக்கம் இல்லை. காரணமே இல்லாமல் பெருமூச்சு வருகிறது, அதுவும் ஆட்களுக்கு முன்னால் வருகிறது.

சிகிச்சை: இரண்டாம் நம்பர் மிக்ஸ்சர், சிவப்பு. பிறகு நான்காம் நம்பர், வெள்ளை. பிறகு இரண்டையும் கலந்து. நல்ல நிறம் வந்தது. குணம் வரவில்லை.

பிற்சேர்க்கை: வீட்டில் பிப்ரவரியிலிருந்து பேச்சு இல்லை. அது வேறு விஷயம், நோயோடு சம்பந்தம் இல்லை.

ஜூன் 5

லூர்தம்மாள் (என் மனைவி) இன்றும் சுவர்க் கடிகாரத்தோடுதான் பேசினாள். "மணி எட்டாகுது கடிகாரம், மீன் குழம்பு ஆறுது, வர்றவங்க வந்து சாப்பிடலாம்" என்றாள். நானும் கடிகாரத்தைப் பார்த்து, "வந்தாச்சு, உப்பு கம்மி" என்றேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தால் தூது போயிருக்கும். இப்போது அந்த வேலையும் கடிகாரத்தின் தலையில்தான்.

ஜூன் 9, சனி

முழுமை கருதி பிப்ரவரி விஷயத்தையும் எழுதிவிடுகிறேன்.

அவளுக்கு இரண்டு வருடமாக முழங்கால் வலி. நான் மருந்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாட்டில் பாட்டிலாகக் கொடுத்தேன். திடீரென்று ஒருநாள் டவுன் கடைத்தெருவில் மூலிகைக் கடை வைத்திருக்கும் சீன வைத்தியர், சின்சே பூன் என்பவரிடம் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறாள். ஆறு வாரத்தில் முழங்கால் மடங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஞாயிறு பூசை முடிந்து, கோயில் வாசலில், தோட்டத்து ஜனம் மொத்தமும் நிற்கிறபோது, "ரெண்டு வருஷம் இவர் ஊத்தின மிக்ஸ்சர்ல முழங்கால் என்ன, கால் நகம்கூட அசையல. அந்தச் சீனன் தொட்டுப் பார்த்தான், சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் தெரியும்படி முழந்தாளிட்டும் காட்டினாள்.

சிரித்தார்கள். சாமியார்கூடச் சிரித்தார்.

அன்றிலிருந்து காலையில் ஆஸ்பத்திரி பெஞ்சில் பாதி இடம் காலி. அந்தச் சின்சே என்ன பித்தலாட்டம் செய்கிறான் என்று ஒரு பொறுப்புள்ள டிரெஸ்ஸர் நேரில் போய்ப் பார்ப்பது கடமை. நாளைக்குப் போகிறேன். நோயாளியாகப் போனால்தான் உண்மை தெரியும். நோயும் கைவசம் இருக்கிறது.

ஜூன் 10, ஞாயிறு

போனேன். தொப்பி போட்டுக்கொண்டு பின்பக்கச் சந்து வழியாக நுழைந்தேன். பெஞ்சில் ஏழு பேர். அதில் ஐந்து பேர் என் நோயாளிகள். ஐந்து பேரும் எழுந்து நின்று, "வாங்க டிரெஸ்ஸர் ஐயா" என்றார்கள். சுகாதாரப் பரிசோதனைக்கு வந்திருப்பதாகச் சொன்னேன். உடனே மரியாதையாக எனக்கு முதல் இடம் கொடுத்துவிட்டார்கள்.

சின்சே பூனுக்கு ஐம்பது வயதிருக்கும். உள்பனியன், தொளதொள அரைக்கால் சட்டை, கடைவாயில் ஒரு தங்கப்பல். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இருவரும் கடைத்தெரு மலாயில்தான் பேச வேண்டும். அந்த மலாயில் மரியாதைக்கு இடமே கிடையாது, எடுத்த எடுப்பில் நீ, நான்தான்.

"உனக்கு என்ன?" என்றார்.

 கையை நீட்டினேன். நாடி பார்த்தே நோயைச் சொல்கிறவர் என்றால் சொல்லட்டுமே! நான் வாயைத் திறந்து எடுத்துக் கொடுப்பானேன்?

சின்னத் தலையணை ஒன்றின் மேல் என் மணிக்கட்டை வைத்து மூன்று விரலால் அழுத்தினார். மாற்றி மாற்றி இரண்டு கையும். ரொம்ப நேரம். என் ஆஸ்பத்திரியில் அந்த நேரத்தில் ஒன்பது பேரைப் பார்த்து அனுப்பியிருப்பேன். கடைசியில், "என்ன தொழில்?" என்றார். வாத்தியார் என்றேன். அவர் என் சட்டையை மோந்து பார்த்து, "பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரி மாதிரி லைசால் ஊற்றித்தான் கழுவுவார்களா?" என்றார்.

மருந்தைக் காகிதத்தில் மடித்து மேலே தூரிகையால் என்னவோ வரைந்தார். தமிழ்ப் பெயர்கள் அவர் நாக்கில் நிற்காதாம். அதனால் பொட்டலத்தின் மேல் ஆளைப் படமாக வரைந்துவிடுவாராம். பெஞ்சில் இருந்த என் ஐந்து பேரில் ஒருவன் மூக்கையன், காது மந்தம்; அவன் பொட்டலத்தில் பெரிய காது இருந்தது. என்னுடையதில் ஒரு வாய். இறுக்கி மூடிய வாய்.

ஜூன் 13, புதன்

மூன்று கிண்ணத் தண்ணீரை ஒரு கிண்ணமாகச் சுண்டக் காய்ச்ச வேண்டும். வீட்டு அடுப்பில் முடியாது, அவள் பார்த்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் ஊசி அவிக்கும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் வைத்தேன். மரப்பட்டையும் கொட்டாங்கச்சியும் சேர்ந்து அழுகின மாதிரி ஒரு வாசனை கிளம்பி, வெளியே இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி ஆயா செல்லக்கிளி, "என்னங்கய்யா இது?" என்றாள். வாய் தவறி, "புது கிருமிநாசினி" என்று சொல்லிவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், இரண்டாம் வேளைக்கு வைத்திருந்ததை ஊற்றித் தரை முழுக்கத் துடைத்துவிட்டிருக்கிறாள். "நல்ல மருந்துங்கய்யா, ஒரு எறும்பு இல்ல" என்றாள்.

ஜூன் 17, ஞாயிறு

இன்றும் வாயைத் திறக்கவில்லை. சின்சே நாடியைப் பிடித்தபடியே சிரித்தார்.

"உன்னைப்போல் ஆட்கள் எங்கள் ஊரில் நிறைய" என்றார். அவர் ஊர்ப் பக்கம் பெரிய வீடுகளில் பெண்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் திரைக்குப் பின்னாலிருந்து கை மட்டும்தான் வெளியே வருமாம். நோயைச் சொல்லமாட்டார்களாம். வைத்தியர் தானே கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வைத்தியர். இவரிடம் ஒருமுறை எஜமானியம்மாளுக்குப் பதிலாகச் சமையல்காரனின் கையை நீட்டிச் சோதித்தார்களாம். இவர் நாடியைப் பார்த்துவிட்டு, "அம்மாள் உப்புப் பார்க்கிற சாக்கில் ஒருநாளைக்கு ஆறு வேளை சாப்பிடுவதைக் குறைத்தால் போதும்" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

"அப்படியானால் சொல்லாமலே தெரியும் அல்லவா?" என்று மடக்கினேன்.

"அந்தக் கையில் வெங்காய வாசனை" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வைத்தியனைத் தோற்கடிக்கலாம். ஆனால் நோய் உன்னிடம்தானே இருக்கும்? வீட்டுக்கு எடுத்துக்கொண்டுதானே போவாய்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் கையை எடுக்கவில்லை. கடைசியில் சொன்னார்:

"லு புன்யா ஹாத்தி சாக்கிட்."

உனக்கு இதயத்தில் நோய். அவ்வளவுதான். இருபத்திரண்டு வருட மலாய் எனக்கு. ஹாத்தி என்றால் நெஞ்சு, இதயம். சாக்கிட் என்றால் நோய். வெளியே வந்து சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். அப்பாவும் ஐம்பதில்தான் போனார்.

ஜூன் 18, திங்கள்

உயில் எழுதினேன். வீட்டுச் சாமான், தையல் மெஷின், ரேடியோ எல்லாம் லூர்தம்மாளுக்கு. கடிகாரமும் அவளுக்கே, பழகிவிட்டார்கள்.

சாகிறவன் எல்லோரையும் மன்னிக்க வேண்டும் என்பது வேதம். மேனேஜரை மன்னித்தேன். சிரித்த சாமியாரை மன்னித்தேன். மூக்கையனை மன்னித்தேன். அவளை மட்டும் அடுத்த வாரம் மன்னிக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

ஜூன் 22, வெள்ளி

ஆம்புலன்ஸ் வண்டியில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன், நோயாளியாக. இளவயது டாக்டர். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார், படம் எடுத்தார், "இதயம் குதிரைக்கு இருக்கிற மாதிரி இருக்கிறது, போங்கள்" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் நின்றே அந்தச் சீனனைத் திட்டித் தீர்த்தேன்.

திரும்பும் வழியில் டிரைவர் யூசோப் விஷயத்தைக் கேட்டார். நான் சொன்னதும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார்.

"டிரெஸ்ஸர், ரத்தம் ஓட்டுகிற இதயத்துக்கு எங்கள் பாஷையில் ஜந்தோங். ஹாத்தி என்றால் ஈரல். மார்க்கெட்டில் கோழி ஹாத்தி வாங்கினதில்லையா?"

"அப்படியென்றால் எனக்கு ஈரலில் நோயா?"

"அதுவும் இல்லை. சாக்கிட் ஹாத்தி என்று சேர்த்துச் சொன்னால் மனவருத்தம். யார் மேலோ உள்ளுக்குள் வைத்துக்கொண்டு குமுறுகிறது. என் மாமியாருக்கு என் மேல் பத்து வருடமாக சாக்கிட் ஹாத்தி."

எனக்கு ஒன்றும் குமுறல் கிடையாது என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. யூசோப்பின் தோள் வீடு வரும்வரை குலுங்கிக்கொண்டே வந்தது.

ஜூன் 24, ஞாயிறு

நேரே போய்க் கேட்டேன். "ஈரலா, மனசா? ஏதாவது ஒன்றைச் சொல்."

சின்சே புரியாமல் பார்த்தார். "இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எங்கள் வைத்தியத்தில் கோபம் தங்குகிற வீடு ஈரல். வெளியே வராத கோபம் அங்கே உட்கார்ந்துகொள்ளும். வலது விலா அடைக்கும், வாய் கசக்கும், தூக்கம் போகும், பெருமூச்சு வரும்."

நான் ஒரு அறிகுறியும் சொல்லவில்லை. நான்கையும் சொல்லிவிட்டான் பாவி. (சொல்லிவிட்டார்.)

"யாரோடு பேசாமல் இருக்கிறாய்?" என்றார்.

"எல்லோரோடும் பேசுகிறேன்."

மூன்று விரலையும் நாடியில் வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்" என்றார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

மருந்து கொடுத்தார். குடிக்கிறேன். எறும்புக்கு நல்லது என்பதாவது நிச்சயம்.

ஜூன் 27

வீட்டில் சில மாற்றங்கள். அவள் இரும்புப் பெட்டியை வெளியே இழுத்து வெயிலில் காயவைத்தாள். கரப்பான்பூச்சி இருந்திருக்கும். நல்ல சேலை கட்டிக்கொண்டு டவுனுக்குப் போய் ஸ்டுடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறாள், இந்த வயதில். கோழிகளை எல்லாம் செல்லக்கிளிக்குக் கொடுத்துவிட்டாள். சத்தம் தொலைந்தது.

லால்குடியிலிருந்து அவள் அண்ணன் கடிதம் வந்திருந்தது. கடிகாரத்துக்கு அடியில் கண்ணில் படும்படி வைத்திருந்தாள். எனக்காக வைத்ததா, கடிகாரத்துக்காக வைத்ததா தெரியவில்லை. நான் தொடவில்லை. மூன்றாம் நாள் எடுத்துவிட்டாள்.

ஜூன் 30

"இனிமே உனக்குச் சாவி கொடுக்கிறவங்களே சோறும் ஆக்கிக்கட்டும்" என்று கடிகாரத்திடம் சொன்னாள். புது மாதிரி வசனம். நான் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டுப் படுத்தேன்.

ஜூலை 4, புதன்

புதன்கிழமைகளில் காலரா ஊசி. கப்பலேறி ஊருக்குப் போகிறவர்கள் ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றமாட்டார்கள். ஆற்றோரத்துத் தோட்டத்தில் யாருக்கோ காலரா என்று ஒரு வதந்தியும் கிளம்பியிருப்பதால் போகாதவர்களும் வந்து நின்றார்கள். தலை நிமிராமல் போட்டுக்கொண்டே போனேன். ஏழாவதாக ஒரு கை வந்தது. முழங்கையில் எண்ணெய் தெறித்த தழும்பு. எனக்குத் தெரியாத தழும்பா?

லூர்தம்மாள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். வதந்திக்குப் பயந்துவிட்டாள். அல்லது என்னை வாயைத் திறக்கவைக்க ஒரு தந்திரம். எதற்கு ஊசி என்று நான் கேட்டால் முதலில் பேசியவன் நான் ஆகிவிடுவேன். பேசாமல் பஞ்சை வைத்துத் துடைத்துப் போட்டேன். அவள் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். செல்லக்கிளி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "அடுத்த ஆள்" என்றேன்.

மாலையில் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, கிராணி வேதமாணிக்கம், பயணிகள் பட்டியலைக் கொண்டுவந்து நீட்டினார். பதினோரு பெயர். வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் போனார். கிராணிக்கும் ஈரலில் ஏதோ இருக்கும்.

ஜூலை 5

பெருமூச்சு அதிகம்.

ஜூலை 8, ஞாயிறு

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

சின்சே கடையில் என் முறை வந்தது. என் பொட்டலத்தை எடுக்க உள்ளே போனவர், முதலில் பெரிய மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஆறு மாதத்துக்கு ஆகும் அளவு பொடி. அதன் மேலே படம். முதலில் ஒரு கொண்டை, இடது பக்கம் சரிந்த கொண்டை. பக்கத்தில் ஒரு முழங்கால். அதற்கும் பக்கத்தில், புகைபோக்கியும் அலையும் வைத்து, கப்பல்.

இந்த டவுனில் இடது பக்கம் சரிந்த கொண்டையும் முழங்காலும் ஒரே ஆளிடம்தான் இருக்கின்றன.

"இது யாருடையது?" என்றேன்.

"நோயாளியைப் பற்றி இன்னொருவரிடம் நான் பேசமாட்டேன்" என்றார் சின்சே. மூட்டையைப் படம் என் பக்கம் தெரியும்படி இன்னும் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டு, தூசு தட்ட உள்ளே போய்விட்டார். திரும்பி வரவே இல்லை.

ஞாயிறு என்றும் பாராமல் வேதமாணிக்கத்தின் வீட்டுக் கதவைத் தட்டினேன். பட்டியல் அவரிடம் இருந்தது. ஏழாவது பெயர் லூர்தம்மாள். கப்பல் பத்தொன்பதாம் தேதி, பினாங்கிலிருந்து நாகப்பட்டினம். கீழே என் கையெழுத்து, அழகாக.

"உங்களுக்குத் தெரிஞ்சுதான் போறாங்கன்னு நெனைச்சேன். ஊசி நீங்கதானே போட்டீங்க?" என்றார்.

"எத்தனை மாசம்?"

"வர்றதுக்குச் சீட்டு எடுக்கலீங்களே. போறதுக்கு மட்டும்தான் கேட்டாங்க."

பெட்டி, போட்டோ, கோழி, கடிதம். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. ஒவ்வொன்றாக என் கண் முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். பேச மறுத்தது நான். ஊரை விட்டுப் போகிறவளுக்கு என் கையாலேயே ஊசி போட்டு, அடுத்த ஆள் என்று சொன்னதும் நான்.

பயமாக இருக்கிறது. அவள் போய்விட்டால் எனக்கு யாரும் இல்லை. இதை எழுதுவதற்கே இத்தனை பக்கம் ஆகியிருக்கிறது.

ஜூலை 9, திங்கள்

பேசிவிடுவது என்று முடிவு. ஆஸ்பத்திரிக் கண்ணாடியில் ஒத்திகை பார்த்தேன். "லூர்து, நீ செய்தது தப்புதான், இருந்தாலும்" என்று ஆரம்பித்தேன். சரியில்லை. "நடந்தது நடந்துவிட்டது" என்று ஆரம்பித்தேன். சாவு வீடு மாதிரி இருந்தது.

வீட்டுக்குப் போய், மூச்சை இழுத்து, கடிகாரத்தைப் பார்த்து, "குழம்பு நல்லாயிருக்கு" என்றேன். பழக்க தோஷம்.

ஜூலை 10

இன்று கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலிடம், "மழை வரும்" என்றேன். அவள் போய்த் துணியை எடுத்துவந்து மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

ஜூலை 11, புதன்

இரண்டாம் ஊசி நாள்.

வரிசையில் முப்பது பேர். ஆறாவதாக நின்றாள். கையை நீட்டினாள். தழும்பின் மேல் பஞ்சை வைத்தேன். ஊசியை எடுத்த கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

அவள் ஆயாவைப் பார்த்து, "என்ன செல்லக்கிளி, ஊசி போடுறவங்களுக்குக் கை புடிச்சுக்கிச்சா?" என்றாள்.

"போகாதே" என்றேன்.

"யாரோ பேசுறாங்க. யார்கிட்டன்னு கேளு ஆயா."

"உன்கிட்டதான் லூர்து."

"இங்கயா? இத்தனை பேருக்கு முன்னாலயா?"

"நீயும் இத்தனை பேருக்கு முன்னாலதானே சொன்னே?"

சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் அப்படியே இறுகிவிட்டது. "ஊசியப் போடுங்க, கப்பலுக்கு நேரமாகுது" என்றாள். கப்பலுக்கு இன்னும் எட்டு நாள்.

அப்போது எனக்கு ஒன்று புரிந்தது. கோயில் வாசலில் அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஊசியைத் தட்டில் வைத்தேன். வரிசையைப் பார்த்துத் திரும்பினேன். 

"எல்லாரும் கேளுங்க. இவ முழங்கால் சின்சே மருந்துலதான் குணமாச்சு. என் மருந்துல ஆகல. ரெண்டு வருஷத்துல அந்த முழங்கால நான் ஒரு தடவகூடத் தொட்டுப் பாக்கல. எங்க வலிக்குதுன்னு கேக்கல. மேசைக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டே மிக்ஸ்சர ஊத்திக் கொடுத்தேன். அதச் சொன்னதுக்காக அஞ்சு மாசம் இவகிட்ட பேசல."

 பிறகு வரிசையின் கோடியிலிருந்து மூக்கையன், காது மந்தமானவன், ஊருக்கே கேட்கிற குரலில், "இது எங்களுக்கெல்லாம் தெரியுமே ஐயா. நீங்கதான் லேட்டு" என்றான்.

முப்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். லூர்தம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு உடம்புக்கு என்ன?" என்றாள். என்னிடம். நேராக.

"ஒண்ணுமில்ல."

"தரையில எல்லாம் சின்சே கஷாயம் நாறுதுன்னு செல்லக்கிளி சொன்னா. என்ன செய்யுது?"

"இங்க அடைக்குது. தூக்கம் இல்ல."

"எத்தனை நாளா?"

"பிப்ரவரியிலேருந்து."

மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து, வலது விலாவில் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். "இங்கயா? இன்னும் கீழயா?" என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். நான் அழுதுவிட்டேன். முப்பது பேருக்கு முன்னால் டிரெஸ்ஸர் அழுதான். எழுதிவைப்பதில் எனக்கு வெட்கம் இல்லை.

"ஏன் சொல்லல?" என்றாள்.

"நீ கேக்கல."

"நீங்க பேசல."

"ஐயா, இன்னைக்கு ஊசி உண்டா இல்லயா?" என்று வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய இடத்துக்குப் போய்க் கையை நீட்டினாள்.

"அப்ப போறியா?" என்றேன்.

"அண்ணன் மக கல்யாணம், போகாம எப்படி? கடுதாசியை மூணு நாள் வெச்சிருந்தேனே. வர்றதுக்கும் சேத்துச் சீட்டு வாங்கச் சொல்லுங்க வேதமாணிக்கத்துகிட்ட. ரெண்டு மாசம்."

போட்டேன். "ஆ" என்றாள். "உங்க ஊசி எப்பவுமே ரொம்ப வலிக்கும். யாரும் சொல்றதில்ல."

வரிசை முழுக்கத் தலையாட்டியது.

ஜூலை 12

மாலை ஐந்து மணியிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறாள். ஐந்து மாதச் சரக்கு. யார் வீட்டில் யாருக்குப் பெண் பிறந்தது, நான் போட்டுக்கொண்டு போன எந்தச் சட்டையில் பொத்தான் இல்லை, எல்லாம். நாட்குறிப்பு எழுத நேரம் இல்லை.

ஜூலை 14

நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 15, ஞாயிறு

இருவரும் சேர்ந்தே சின்சே கடைக்குப் போனோம். எனக்கு நாடி பார்க்கத் தொடங்குமுன்பே, "இவருக்கு நெத்திலி ஆகாது, ஆனா விடமாட்டாரு. குளிச்சா தலைய சரியாத் துவட்டமாட்டாரு. அவங்க அப்பாவுக்கும் இப்படித்தான்" என்று லூர்தம்மாள் தனக்குத் தெரிந்த மலாயில் கால்மணி நேரம் என் நோய் வரலாற்றைச் சொன்னாள். நடுநடுவே நானும் திருத்தம் சொன்னேன். சின்சே என் மணிக்கட்டைப் பிடித்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"திரைக்குப் பின்னால் கை மட்டும் நீட்டுகிற வழக்கம் அவ்வளவு கெட்டது இல்லை போலிருக்கிறது" என்றார்.

ஜூலை 19, வியாழன்

பினாங்கு. யூசோப் வண்டியில் கொண்டுவந்து விட்டார். பெட்டி, பாய்ச்சுருள், பொடி மூட்டை எல்லாம் ஏறியாகிவிட்டது. கப்பலேறும்வரை அவள் அறிவுரை சொல்லிக்கொண்டே இருந்தாள். நானும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். கப்பல் ஏணியில் பாதி ஏறி நின்று, வாரம் ஒரு கடிதம் போடச் சொன்னாள். நாலு வரியில் முடிக்கக் கூடாதாம்.

மேல்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கப்பல் நகரத் தொடங்கியது. மூன்று ஆள் அகலம் தண்ணீர் தெரிந்தது, பிறகு முப்பது ஆள் அகலம். நான் கரையில் ஓரமாகக் கூடவே நடந்தேன். கையை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினேன். சட்டைக்குப் பொத்தான் நானே தைத்துக்கொள்வேன் என்றேன். நெத்திலி வாங்கமாட்டேன் என்றேன். கோழிகளைத் திரும்பக் கேட்டு வாங்கிவிடுகிறேன் என்றேன். கப்பல் ஊதியது. அவளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. காதில் கையை வைத்துக் காட்டினாள். நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

பக்கத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், பாவப்பட்டு, "ஏதாச்சும் முக்கியமான விஷயம் சொல்ல மறந்துட்டீங்களா? தந்தி ஆபீஸ் அந்தப் பக்கம் இருக்கு" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். "சும்மா, எம் பொண்டாட்டிகூடப் பேசிக்கிட்டிருக்கேன்."